வண்டலோடு வந்த கோரை

"நல்லாக் கேட்டுக்க. மருமகளக் கூப்பிடல. தோட்டக்காரியத்தான் கூப்பிடுதேன்."

"சரி, அத்தை."

"தோட்டக்காரி என்னைய எதுக்கு அத்தைங்கா?"

"வேற எப்படிக் கூப்பிடணும்னு சொல்லுங்க. அப்படியே கூப்பிடுதேன்."

மறுமுனையில் மாமியார் பாக்கியவதி எதையோ டங்கென்று கீழே வைக்கும் சத்தம் ரீபாவின் காதில் விழுந்தது.

"அத்தைன்னே கூப்பிடு. இந்த வயசுல எனக்குப் புதுசா ஒரு பேரு எதுக்கு? மாமா போய்ச் சேந்து வருசம் திரும்புது. ஜெபத்தைத் தோட்டத்துல வைக்கணும்னு நெனைக்கேன். தோட்டம் இப்பக் கெடக்க கெடையப் பாத்தா அவுக கல்லறையில இருந்தே எந்திச்சு வந்துருவாக. உன்னால முடியுமா, முடியாதா?"

"முடியும், அத்தை."

"ஹெப்ரான் வருவான். மாமாவுக்கு மூத்தவுக, ஏரல் பெரியப்பாவும் வாராக. ஜெபம் முடிஞ்சு, சாப்பாடு முடிஞ்சு, உங்க ரெண்டு பேரு காரியத்தையும் உக்காந்து பேசித் தீத்துரணும்னு பெரியப்பா சொல்லிட்டாக. சேந்து இருந்தா இருங்க, இல்லன்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இப்பமே சொல்லிட்டேன். பொறவு அத்தை சொல்லலன்னு சொல்லக் கூடாது."

இது மே மாதம் நடந்த பேச்சு. அதற்குப் பிறகு அவளுடைய மினி லாரி நாங்குநேரியைத் தாண்டி மாமியார் ஊரான திசையன்விளைப் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் ரீபாவின் காதுக்குள் முதலிலிருந்து ஓடும்.

புருஷன் வீட்டிலிருந்து அவள் சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. அப்படி வந்திருந்தால் சமாதானமாவது பேசியிருக்கலாம். மூன்று வருடத்துக்கு முன்னால் சீவலப்பேரியில் அவளுடைய அப்பா இறந்துபோனார். ஆற்றங்கரையில் அவர் விட்டுப்போன நிலத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள், தோட்டக்கலை படித்த படிப்பு வீணாகக் கிடக்கிறதே என்று கொஞ்சம் பூச்செடிக் கன்று போட்டாள். கன்று விற்றது. வாங்கிப் போனவர்கள் வீட்டுத் தோட்டத்தையும் நீயே வந்து வைத்துக் கொடு என்றார்கள். பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் பாழடைந்து கிடந்த தோட்டங்களை அவள் சீர்படுத்தினாள். புருஷன் ஹெப்ரான் போனில் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். "வருவியா, மாட்டியா?" பார்ப்போம் என்பாள். அவன் கேட்பதை நிறுத்தினான். திசையன்விளையில் வைத்திருந்த மோட்டார் ரிப்பேர் கடையை மூடிவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனிக்கு வேலைக்குப் போனான்.

வருவேன், மாட்டேன் என்ற இரண்டுமே அவளுடைய பதில் இல்லை. அவளிடம் இருந்தது ஒரு கோரிக்கை. நீங்கள் இங்கே வந்துவிடுங்கள் என்பதுதான் அது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை. பெண்டாட்டி ஊரில் போய்க் குடியிருக்கிறான் என்று திசையன்விளைச் சந்தையில் நாலு பேர் பேசுவதை எந்த ஆண் பிள்ளை பொறுத்துக்கொள்வான்? கேட்டு அவன் முடியாது என்றுவிட்டால் அதற்கப்புறம் அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. கேட்காதவரை அது உள்ளே பத்திரமாக இருந்தது.

இப்போது அதற்கும் கெடு வந்துவிட்டது. ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை ஜெபம். ஏரல் பெரியப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் திறக்க வேண்டும்.

*

தோட்டம் நிஜமாகவே பயப்படும்படித்தான் கிடந்தது. மாமனார் சத்தியநேசன் கையும் காலும் விழுந்து படுத்ததிலிருந்து ஒருவரும் அதற்குள் இறங்கவில்லை. சீமைக்கருவேல் மதில் உயரத்துக்கு நின்றது. உண்ணிச்செடி நடைபாதையை மூடியிருந்தது. அவர் ஆசையாக வைத்த ரோஜாப் பாத்திகள் எங்கே இருந்தன என்று கண்டுபிடிக்கவே கம்பியால் குத்திப் பார்க்க வேண்டியிருந்தது. தென்மேற்குக் காற்று வேறு. காற்றாலைகள் சுற்றுகிற சத்தத்துக்கு நடுவே செம்மணல் பறந்து வந்து பல்லில் நறநறத்தது.

ரீபாவோடு வேலைக்கு வந்தவர்கள் சீவலப்பேரியில் அவளுடைய கன்றுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பேச்சிராஜும் அவன் மனைவி இசக்கியம்மாவும். வேலை நாட்களில் மூன்று பேரும் அங்கேயே தங்கிக்கொண்டார்கள். முதல் நாளே பேச்சிராஜ் வம்பை இழுத்தான். கிணற்றடித் தென்னையில் ஏறி ஒரு இளநியைச் சீவி வாயில் வைத்த நேரம் பாக்கியவதி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏலே ஏலே! அது கோயிலுக்கு விட்ட மரம்லே! எங்க வீட்டுல ஒருத்தரும் அதுல கை வைக்க மாட்டோம். ஸ்தோத்திரப் பண்டிகையில ஏலம் போட்டுக் காணிக்கையா குடுக்குற காயி!"

பேச்சிராஜ் இளநியை வாயிலிருந்து எடுத்தான். "எம்மா, மரத்துல எழுதியா போட்டிருக்கு? இப்ப என்ன செய்ய? குடிச்சதத் துப்பவா?"

"பண்டிகைக்கு வந்து ஏலத்துல கேட்டு எடு. அந்த ஒரு காயி உம் பேர்ல நிக்குது."

"கேட்டுக்கிட்டியா?" என்றாள் இசக்கியம்மா, அருவாளைத் தீட்டிக்கொண்டே. "எங்க சாமின்னா கனவுல வந்து மெரட்டும். இவுக சாமி ஏலத்துல கூப்பிடுது."

பாக்கியவதி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். ரீபாவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. மோட்டார் அறைக்குப் பின்னால் குனிந்து நின்ற அவள் கண்ணில் வேறொன்று பட்டிருந்தது.

காய்ந்து கிடந்த அந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு செடி மட்டும் பச்சையாக இருந்தது. இடுப்பளவு பிச்சி மல்லிகை. சுற்றிலும் பாத்தி கட்டி, அடுக்களைத் தண்ணீர் ஓடிவர ஓர் ஓடை கீறியிருந்தது. அதைக் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தது பழைய வேட்டிக் கிழிசல். அந்தப் பக்கத்து நர்சரிக்காரர்கள் எல்லாம் பிளாஸ்டிக் கயிற்றில்தான் கட்டுவார்கள். தண்டு தடிக்கும்போது கயிறு அறுக்கும் என்று வேட்டியைக் கிழித்துக் கட்டுகிறவள் ரீபா ஒருத்திதான்.

"அத்தை, இந்தப் பிச்சி ஏது?"

"எவனோ வாங்கியாந்து வச்சான். தண்ணி ஊத்துன்னான், ஊத்துதேன்."

இசக்கியம்மாவிடம் கேட்டாள். "நம்ம தோட்டத்துக் கன்னு மாதிரியில்லா இருக்கு?"

"எத்தனையோ பேரு வாரான், வாங்குதான், போறான். எல்லாரு மொகத்தையும் நான் பாத்துக்கிட்டா இருப்பேன்?" என்று இசக்கியம்மா வெட்டிய முள்ளை அவசரமாக அள்ளிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து ரீபாவின் பயம் இரண்டு பங்கானது. அவன் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளத்தான் வருகிறான் என்று நம்பியிருந்தபோது அழுகைதான் வந்தது. பிச்சியை வைத்தவன் அவன்தான் என்றால் ஒருவேளை அப்படி இல்லையோ என்று தோன்றிய பிறகு தூக்கமும் போயிற்று.

*

முள்ளை வெட்டி வேரோடு பிடுங்கியாயிற்று. அடுத்தது மண். பல வருடமாகத் தழையும் எருவும் காணாத செம்மணலில் எதை வைத்தாலும் நிற்காது.

"மாமா கிடைதான் போடுவாக," என்றாள் பாக்கியவதி. "ஆட்டுக்காரனக் கூப்பிட்டு ஒரு வாரம் ராத்திரி இங்கன மந்தைய அடைக்கச் சொன்னாப் போதும். புழுக்கையும் மூத்திரமுமா மண்ணு சூடு ஏறிக் கெடக்கும்."

"ஜெபத்துக்கு வாரவுக மூக்கப் பொத்திக்கிட்டா உக்காருவாக, அத்தை? நான் எங்க ஊர்க் குளத்து வண்டலக் கொண்டாரேன். கைய வச்சா எண்ணெயா இருக்கும்."

சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை ஏறியிருந்ததை அவளே உணர்ந்தாள். அந்தக் குளத்து மண்ணில்தான் அவளுடைய அப்பா நெல் போட்டார், அவள் கன்று போட்டாள். அந்த மண் ஏமாற்றியதில்லை. தண்ணீர் வற்றியிருந்த குளத்திலிருந்து லோடு லோடாக வந்து இறங்கியது. கறுப்பு மண் செம்மணலோடு கலந்து, பாத்திகள் புது மெருகோடு படுத்திருந்தன. நடுவே மாமனாரின் பழைய இடத்திலேயே ரோஜா வைத்து, ஓரங்களில் மஞ்சள் கேந்திப்பூவும் கோழிக்கொண்டையும் நட்டாள். வாசலுக்கு அரளி, நந்தியாவட்டை. பிச்சியைச் சுற்றியும் இரண்டு கூடை வண்டலைத் தன் கையாலேயே போட்டு அணைத்தாள். சொட்டு நீர்க் குழாய் எல்லாப் பாத்திக்கும் ஓடியது. ஜூலை பிறந்தபோது கேந்தி மொட்டு விட்டிருந்தது. மதிலுக்கு வெளியே நின்று ஜனங்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் அது முளைத்தது.

முதலில் பாத்தியில் பச்சை பூத்தது போல் இருந்தது. குனிந்து ஒரு புல் தாளைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தாள். தண்டு மூன்று மூலையாக உருண்டது. கோரை.

குளத்து வண்டலோடு கோரைக் கிழங்கு வந்திருந்தது. அவள் ஊரில் கோரைக்கு யாரும் பயப்படுவதில்லை. வயலில் தண்ணீரைக் கட்டிச் சேறும் தொளியுமாகக் கலக்கி உழுதால் கிழங்கு மூச்சடைத்துப் போகும். அந்தப் பழக்கத்தில்தான் குளத்தில் கோரை நின்ற இடம் எது என்றுகூட அவள் பார்க்கவில்லை. இங்கே தொளி ஏது? பொலபொலவென்ற சூட்டு மணல், வேருக்குப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கோரைக்கு இதைவிடச் சொர்க்கம் கிடையாது. ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை அவள் செய்திருந்தாள்.

காலையில் பாக்கியவதி வெளியே வருவதற்குள் பிடுங்கினாள். தாள்தான் கையோடு வந்தது. கிழங்கு உள்ளேயே இருந்துகொண்டு மறுபடி தாள் விட்டது. ஒன்று நின்ற இடத்தில் மூன்று நின்றது. மண்வெட்டியால் கொத்திப் பார்த்தாள். துண்டான ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக முளைத்தது.

"மருந்து அடிச்சுருவோமா?" என்று பேச்சிராஜ் மெதுவாகக் கேட்டான்.

"கோரைக்கு அடிக்க மருந்து கேந்தியையும் சேத்துல்லா கொல்லும்? ரோஜாவையும்."

"அப்ப ஒண்ணு செய்யி. சனிக்கிழமை வரைக்கும் தாள மட்டும் அறுத்து அறுத்து விடுவோம். வாரவுகளுக்குப் பச்சையாத்தான் தெரியும். புல்லுன்னு நெனைச்சுக்கிடுவாக."

"அதுக்குப் பொறவு?"

பேச்சிராஜ் மம்பட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனான்.

அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று ரீபாவுக்குத் தெரியும். அவள் கிளம்பிப் போய்விடுவாள். மழை விழும். கிறிஸ்துமஸுக்குள் கோரை ரோஜாவை மூடும், பிச்சியை மூடும். அத்தை ஒற்றை ஆளாக இந்த அரை ஏக்கரில் குனிந்து நிற்பாள். அறுத்துவிட்டு மறைக்கலாம். இல்லையென்றால் இப்போதே எல்லாப் பாத்தியையும் பெயர்க்கலாம். பெயர்த்தால் சனிக்கிழமை ஏரல் பெரியப்பா வந்து நிற்கும்போது அவர் கண்ணில் படுவது வெறும் குழி. ஒரு தோட்டத்தை ஒழுங்காக வைக்கத் தெரியாதவளா குடும்பம் நடத்துவாள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கப்புறம் அவள் வாயில் எந்தக் கோரிக்கையும் எழும்பாது.

இரண்டில் எதையும் தீர்மானிக்க முடியாமல் அவள் தினமும் விடியலில் பாத்தியில் மண்டியிட்டாள்.

*

வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியில் ஏறிச் சனிக்கிழமை காலையில்தான் ஹெப்ரான் வருவான் என்றிருந்தது. வியாழக்கிழமை காலையிலேயே பின்னாலிருந்து குரல் கேட்டது.

"என்ன தேடுத?"

ரீபா திரும்பவில்லை. களைக்கொத்தைப் பிடித்திருந்த கை மட்டும் அப்படியே நின்றது.

"ஒண்ணும் இல்ல. கோரை."

அவன் தோள்பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் குத்தவைத்தான். காதோரம் ஒன்றிரண்டு நரை விழுந்திருந்தது. ஒரு தாளைப் பிடித்து இழுத்தான். அறுந்து கையோடு வந்தது.

"கிழங்கு உள்ள நின்னுட்டு."

"ம்."

"நம்ம மண்ணுல கோரை கெடையாதே. எங்க இருந்து வந்துச்சு?"

நம்ம மண்ணு. அந்தச் சொல் அவளை உள்ளே சேர்த்துச் சொன்னதா, வெளியே நிறுத்திச் சொன்னதா என்று தெரியவில்லை.

"நான் கொண்டாந்த வண்டல்ல வந்துச்சு. எங்க ஊர்க் குளத்து மண்ணு."

அவன் அறுந்த தாளை விரலில் சுற்றினான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான் குரலைத் தாழ்த்தி.

"தெரியாது."

அடுக்களை ஜன்னல் திறந்தது. "எனக்குப் போன வாரமே தெரியும். தெனமும் விடிய முன்ன முட்டுக்கால் போட்டு நிக்கியே, ஜெபம் பண்ணுதன்னா நெனைச்சேன்? எய்யா ஹெப்ரான், மூஞ்சியக் கழுவிட்டு வா. காப்பி ஆறுது. ஏளா, நீயும் வா. தோட்டக்காரிக்குக் காப்பி கெடையாதுன்னு நான் சொல்லல."

கருப்பட்டிக் காப்பியை மூன்று பேரும் அடுக்களையில் நின்றுகொண்டே குடித்தார்கள். பேசிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தாள். வந்ததோ வேறு.

"அத்தை, பாத்தி பூராவையும் பெயக்கணும். பெயத்தா ஜெபத்தன்னைக்கு ஒரு பாத்தியிலயும் பூ இருக்காது. பெயக்காம விட்டா அன்னைக்கு நல்லா இருக்கும், பொறவு உங்களப் பாடாப் படுத்தும். நான் பெயக்கலாம்னுதான் நெனைக்கேன்."

சொல்லி முடித்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எப்போது தீர்மானித்தாள் என்று தெரியவில்லை.

பாக்கியவதி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "ஜெபத்துக்கு வாரவுக பூவப் பாக்கவா வாராக? என்ன, ஏரல் அத்தான் ரெண்டு வார்த்தை பேசுவாக. அவுக நான் வச்ச குழம்பையே பேசுவாக."

ஹெப்ரான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அம்மா, மதில் கட்டும்போது மணல் சலிச்ச சல்லடை கெடக்கா?"

"மோட்டார் ரூம் மேல கெடக்கும். எதுக்கு?"

"களிமண்ணுன்னாத்தான் கிழங்கத் தோண்டி எடுக்கணும். இது மணலுல்லா? சலிச்சா மண்ணு கீழ விழும். கிழங்கு மேல நிக்கும்."

ரீபா அவனைப் பார்த்தாள். மண்ணைச் சலிக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் ஊர் மண்ணைச் சல்லடையில் போட்டால் அப்பிக்கொண்டு அசையாது. வண்டல் கலந்திருந்தாலும் இந்தப் பாத்தி முக்கால்வாசி செம்மணல்தான். காயவிட்டு உதிர்த்தால் போதும்.

*

அந்த இரண்டு நாளும் சரியான வேலை. பூச்செடிகளை வேர் மண்ணோடு எடுத்து, ஒட்டியிருந்த கிழங்கைத் தடவித் தடவிப் பொறுக்கி, பேச்சிராஜ் எங்கிருந்தோ கொண்டுவந்த பழைய பெயிண்ட் வாளிகளில் இசக்கியம்மா நட்டாள். பேச்சிராஜ் பாத்தியைப் பெயர்த்து மண்ணை வெயிலில் பரப்பினான். சாய்த்து நிறுத்திய சல்லடையில் ஹெப்ரான் மம்பட்டியால் அள்ளி வீச, மறுபுறம் நின்று ரீபா உலுக்கினாள். செம்மண்ணும் கரிமண்ணும் ஒரே தூளாகக் கீழே விழுந்தது. கறுத்த கிழங்குகள், நூல் போன்ற வேரில் கோத்தபடி, கம்பி வலையில் தங்கின. அவற்றைச் சாக்கில் கட்டி மொட்டைமாடியில் காயப்போட்டாள். காய்ந்தபின் எரிக்க வேண்டும்.

பேச்சு இல்லாமல் இல்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடி, காத்து உன் பக்கம் அடிக்குது, கண்ணுல விழுந்துட்டா, இல்ல, இந்தா துண்டு. அவ்வளவுதான். ஒவ்வொரு முறை அவன் மம்பட்டியை ஊன்றி மூச்சு வாங்கும்போதும் அவள் சல்லடையை விட்டு நிமிர்ந்தாள். இப்போது சொல்லிவிடலாம். அதற்குள் அவன் அடுத்த மம்பட்டியை வீசிவிடுவான்.

"ரெண்டு பேரும் என்ன, ஊமைக் கூத்தா நடத்துதீக?" என்று வாளியோடு போன இசக்கியம்மா கேட்டாள். "மண்ணச் சலிச்சது போதும். வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசுங்க."

"ஏட்டி, நீ வாயத் தொறந்தா மூட மாட்ட. எல்லாரும் உன்னைய மாதிரியா?" என்றான் பேச்சிராஜ்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் மிச்சம் இருந்தது மோட்டார் அறைக்குப் பின்னால் பிச்சியைச் சுற்றிய மண் மட்டும். முன்பக்கம் பந்தல் போடும் ஆட்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சிராஜும் இசக்கியம்மாவும் வாளிச் செடிகளைப் பந்தலோரம் வரிசைப்படுத்தப் போயிருந்தார்கள்.

பிச்சியை மம்பட்டியால் பெயர்க்க முடியாது. வேர் அறுந்துவிடும். இருவரும் எதிரெதிரே மண்டியிட்டு விரலால் மண்ணை விலக்கினார்கள். கோரை உள்ளே போயிருந்தது. ஒரு கிழங்கு பிச்சி வேரை ஊடுருவியே நின்றது. ரீபா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை நகத்தால் பிரித்தாள்.

"இது உன் கன்னுதான்," என்றான் ஹெப்ரான், மண்ணைப் பார்த்துக்கொண்டே. "தெரிஞ்சிருக்குமே."

"வேட்டிக் கிழிசலப் பாத்தேன்."

"இசக்கியம்மாகிட்ட வாங்கினேன். சொல்லாதீகன்னு சொல்லியிருந்தேன். நீ பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போன நாளாப் பாத்துத்தான் வந்தேன்."

"நான் இருக்க நாள்ல வந்தா என்ன?"

அவன் ஒரு கிழங்கை எடுத்துச் சாக்கில் போட்டான். "நீ இருந்தா மறுபடியும் அதையேதான் கேட்டிருப்பேன். வருவியா, மாட்டியான்னு. அங்கன வரிசை வரிசையா நிக்க கன்னெல்லாம் பாத்த பொறவு அதக் கேக்க எனக்கு வாய் வரல. வேற என்ன கேக்கணும்னும் தெரியல. ஒரு கன்ன வாங்கிட்டுப் பஸ் ஏறிட்டேன்."

காற்று நின்றிருந்தது. ரீபா வேட்டிக் கிழிசலைத் தளர்த்தி மறுபடி கட்டினாள்.

"உன் தோட்டத்து மோட்டார் சத்தமே சரியில்ல," என்றான் அவன் தொடர்ந்து. "பேரிங் போயிருக்கு. அன்னைக்கே பாத்தேன். கழட்டிப் பாக்க ஆசையா இருந்துச்சு. எந்த உரிமையில கழட்டன்னு விட்டுட்டேன்."

"இப்பவும் அப்படித்தான் கத்துது."

"கத்தும். சும்மா விட்டா எரிஞ்சுரும்."

வீட்டுக்குள்ளிருந்து பாக்கியவதியின் குரல் வந்தது. "எய்யா ஹெப்ரான்! பெரியப்பா நாளைக்கு வரைக்கும் பொறுக்காம இன்னைக்கே கார் எடுத்துட்டாகளாம்! சாத்தான்குளம் தாண்டியாச்சாம்! கையக் காலக் கழுவுங்க ரெண்டு பேரும்!"

ஹெப்ரான் எழுந்தான். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். "நூத்துக்கு நூறு போயிருக்காது, ரீபா. ஒண்ணு ரெண்டு உள்ள நிக்கும். மழை பெய்ஞ்சா மொளைக்கும். யாராவது வந்து வந்து பாத்துக்கிடணும்."

"நான் மாசா மாசம் வந்து பாத்துக்கிடுதேன். அத்தை இருக்காகல்லா? வந்தா ரெண்டு நாள் தங்கிட்டும் போறேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் எந்தத் தோரணையில் அதைச் சொன்னாள் என்று அவனுக்குப் புரியவில்லை. தோட்டக்காரியாகவா, வீட்டுக்காரியாகவா? வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓர் எட்டு வைத்தான். இன்னும் சில எட்டு வைத்தால் பந்தல் பக்கம் போய்விடுவான். அங்கே ஆட்கள் இருப்பார்கள். பெரியப்பாவின் கார் வந்து நிற்கும். அதன்பின் இவள் பேச வேண்டியதையும் அவன் பேச வேண்டியதையும் பெரியப்பாவே பேசுவார்.

"இங்கேருங்க," என்றாள் ரீபா.

அவன் நின்றான்.

அவள் எழுந்திருக்கவில்லை. விலக்கிய மண்ணைப் பிச்சி வேரின் மேல் திரும்பத் தள்ளி, இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். செம்மண்ணும் கரிமண்ணும் நகக்கண் எல்லாம் ஏறியிருந்தது.

"ஞாயித்துக்கெழமை வண்டி சீவலப்பேரிக்குத் திரும்புது," என்றாள். "நீங்களும் அதுல ஏறி என்கூட வந்துருங்க. விருந்தாடியா இல்ல. அங்கனயே என்கூடக் குடியிருக்க வாங்க."